டாக்கியின் இரண்டாம் ரீல்

மூன்றாவது ஆணியும் வளைந்துபோனது. பசுபதி அதைப் பிடுங்கிப் பல்லில் கவ்விக்கொண்டு, நான்காவதைக் கம்பளியின் மூலையில் வைத்து அடித்தான். ஜன்னல் ஒருவழியாக மறைந்தது. ஆனால் பூச்சி அரித்த ஓட்டைகள் வழியாக வெளிச்சம் கம்பி கம்பியாக உள்ளே இறங்கியது.

“அந்த ஓட்டையெல்லாம் அடைச்சிருங்க தம்பி,” என்றார் படக்காரர் காளியண்ணன். “பகல்ல படம் காட்டுறவனுக்கு ஓட்டைதான் எமன்.”

சொன்ன பிறகுதான் கட்டிலில் படுத்திருப்பவரின் நிலை அவருக்கு உறைத்தது. மெஷின் பக்கம் திரும்பி, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

பசுபதி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பளிக்கு மேல் ஒரு சாக்கையும் சேர்த்து அடித்தான். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசையில் அந்த லயன் வீடு கட்டிய நாளிலிருந்து அதற்குள் பட்டப்பகலில் இவ்வளவு இருட்டு இருந்ததில்லை. கட்டிலில் அவன் அப்பா சாம்பசிவம் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே போகும் மூச்சு சுலபமாகப் போனது. வெளியே வருவது யோசித்து யோசித்து வந்தது.

காலையில் வந்து பார்த்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டே சொல்லியிருந்தார். “சாயங்காலம் தாண்டுறது சிரமம். சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடு.” சொல்லுவதற்குப் பெரிதாகச் சொந்தம் இல்லை. பசுபதியின் மனைவி சாரதா முதல் பிரசவத்துக்குக் கம்போங் ராஜாவில் தாய்வீட்டில் இருந்தாள். அம்மா போய்ப் பத்து வருடம் ஆகிறது. ஆகவே அவன் காளியண்ணனுக்கு ஆள் அனுப்பினான்.

காளியண்ணன் தோட்டம் தோட்டமாக வேனில் போய்த் திடலில் துணி கட்டிப் படம் காட்டுகிறவர். போன மாதம் ஈப்போவில் மூடிப்போன ஒரு கொட்டகையின் பின்கட்டைக் காலி செய்தபோது, துருப்பிடித்த இரண்டு தகர டப்பாக்கள் அவர் கைக்கு வந்தன. மூடியில் கரையான் விட்டுவைத்திருந்த காகிதத்தில் ‘அண்டா மாப்பிள்ளை’ என்று இருந்தது. பார்த்தவுடன் அவருக்கு இந்தத் தோட்டத்து டாக்கியின் ஞாபகம் வந்திருக்கிறது; பசுபதிக்குச் சொல்லியும் வைத்திருந்தார்.

டாக்கி என்றால் சாம்பசிவம். தோட்டத்தில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் புத்தகத்தில் மட்டுமே வழங்கியது. கப்பலேறி இங்கே வருவதற்கு முன்பு, மெட்ராஸில், இருபத்திரண்டு வயதில் அவர் ஒரு சினிமாவில் நடித்தார். இது அவர் சொன்னது. அந்த ஹாஸ்யப் படத்தை ஊமைப் படமாகத்தான் ஆரம்பித்தார்கள். பாதி எடுத்திருக்கும்போது ஊரில் டாக்கி என்கிற பேசும் படம் வந்துவிட்டது. முதலாளிக்கு எடுத்ததைத் தூக்கிப் போட மனமில்லை. மீதிப் பாதியை மட்டும் பேசவைத்து எடுத்து ஒட்டிவிட்டார். “தாலி கட்டுற வரைக்கும் அத்தனை பேரும் ஊமை. கட்டின பொறவுதான் பேசுவாங்க. ஊரு ஒலகத்துல இது நேர் தலைகீழா நடக்கும்,” என்று சாம்பசிவம் விளக்குவார். கல்யாண வீட்டு அண்டாவுக்குள் ஒளிந்த திருடன் அவர். அவரைத் தூக்கி வெளியே நிறுத்தும் இடத்தில்தான் படத்துக்கே வாய் திறக்கிறது. “அந்தப் படத்துல மொத மொதல்ல பேசினவன் நான்தான்.”

தோட்டத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் இதைக் கேட்டார்கள். கேட்டுச் சிரித்தார்கள். நம்பினார்களா என்பது வேறு விஷயம். அதை யாரும் கிளப்பியதில்லை, பசுபதியைத் தவிர.

அது செல்லையாவின் கல்யாணத்தில் நடந்தது. பதினேழு வருடம் ஆகிறது. பசுபதிக்கு அப்போது பதினாறு வயது. அந்த வயதில் உண்மை மேல் ஒரு வெறி இருக்கும். அன்றைக்கு அப்பா நடித்துக் காட்டுகிறேன் என்று நிஜ அண்டாவுக்குள் இறங்கி, இடுப்பு மாட்டிக்கொண்டு, நாலு பேர் எண்ணெய் விட்டு இழுக்க வேண்டியதாயிற்று. பந்தியே எழுந்து நின்று சிரித்தது. பசுபதி அந்தச் சிரிப்புக்கு நடுவில் போய் நின்று, “இவரு எந்தப் படத்துலயும் நடிக்கல. பொய்யி. எங்க வாத்தியாரு அப்படி ஒரு படமே கெடையாதுன்னு சொல்லிட்டாரு,” என்றான்.

சாம்பசிவம் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் இருந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் சொல்லவே இல்லை. யாராவது கேட்டால், “அதெல்லாம் சும்மாலா,” என்பார். டாக்கி என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பசுபதிக்கு இன்று வேண்டியது ஒன்றுதான். அந்தப் பொய் பொய்யில்லை என்று, அதே ஆட்களுக்கு முன்னால், அப்பாவுக்குக் கண் தெரியும்போதே ஆகவேண்டும். ஆகாமல் போனால் என்ன ஆகும் என்பதை அவன் காலையிலிருந்து நினைக்காமல் இருக்க முயற்சி செய்துகொண்டிருந்தான். ஆணி அடிப்பது அதற்கு உதவியது.

“வெளக்க ஏன்டா அணைச்ச?” பக்கத்து வீட்டு வேலாயி கட்டிலின் தலைமாட்டிலிருந்து கேட்டாள். லயனில் யாருக்கு முடியாமல் போனாலும் முதலில் வந்து உட்காருகிறவள் அவள்தான். அவள் வந்து உட்கார்ந்துவிட்டால் டிரஸ்ஸர் சொல்லத் தேவையில்லை என்று ஒரு பேச்சு உண்டு.

“நெருப்பு ஆகாதாம் அத்தை.”

“உசிரு ஊசலாடுற வீட்டுல வெளக்கு இல்லாம இருக்கறதா?”

காளியண்ணன் குறுக்கிட்டார். “அம்மா, இது அந்தக் காலத்து ஃபிலிம்மா. பீடி நெருப்பு பட்டாப் போதும், வீட்டோட எல்லாரையும் சேத்துத் தூக்கிடும்.”

“நீ படம் காட்ட வந்தியா, எங்கள மொத்தமா அனுப்ப வந்தியா?” என்றாள் வேலாயி. ஆனாலும் விபூதித் தட்டில் இருந்த கற்பூரத்தை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டாள்.

தோட்டத்துக் கரண்ட் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வரும். ஆகவே வேனில் வந்த ஜெனரேட்டரைக் கோயிலுக்குப் பின்னால் இறக்கி, நீளமாக ஒயர் இழுத்திருந்தார்கள். பக்கத்தில் வைத்தால் சத்தத்தில் வசனம் கேட்காது. அதைவிட மோசமான எதிரி வெளியே வந்துகொண்டிருந்தது. தேயிலைச் சரிவுகளில் மூடுபனி கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது. கேமரன் மலையில் அது ஏறினால் இரண்டு மணிக்குள் மழை. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் திட்டுவதுகூடக் காதில் விழாது. படத்தில் பேசுகிறவன் பேச்சு எங்கே விழப்போகிறது.

காளியண்ணன் மேல் பசுபதிக்கு ஒரே ஒரு கோபம். மனிதர் வரும் வழியில் சாலையோரக் கடையில் தேநீர் குடித்துவிட்டு, எங்கே போகிறார் என்பதையும் சொல்லிவிட்டார். அரை மணி நேரத்தில் ஐம்பது பேர் வீட்டு முன்னால் நின்றார்கள். முன்னறையில் இருபது பேருக்குத்தான் இடம். மிச்சப் பேர் அஞ்சடியில், வீட்டு முன்நடையில், மூடிய கதவுக்கு வெளியே, கேட்பதற்கு மட்டும் நின்றார்கள். வெளியே நின்றவர்களுக்குத் தலைவர் செல்லையா. இப்போது கங்காணி.

“உள்ள வாங்கண்ணே, நாற்காலி இருக்கு,” என்று பசுபதி கூப்பிட்டான்.

“வேணாம்லா. நான் இங்கயே நிக்கிறேன். காது நல்லாக் கேக்கும் எனக்கு.” செல்லையா பீடியை எடுத்தார், காளியண்ணன் பார்த்த பார்வையில் திரும்ப வைத்தார். “பதினேழு வருசமா என் கல்யாணத்தப் பத்திப் பேசுறவன் எல்லாம் அண்டாவப் பத்தித்தான் பேசுறான். எம் பொஞ்சாதி பேருகூட ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல. இன்னிக்கு முடிவு தெரிஞ்சிடட்டும்.”

பசுபதி கட்டிலுக்கு வந்தான். பக்கவாதம் அப்பாவின் வலது பாதியையும் நாக்கையும் எடுத்துக்கொண்டு ஒன்பது நாள் ஆகிறது. இடது கை வேலை செய்தது. டிரஸ்ஸர் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்: கையைப் பிடித்துக்கொண்டு கேள். ஓர் அமுக்கு அமுக்கினால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. ஒன்பது நாளில் சாம்பசிவம் பேசியதெல்லாம் அப்படித்தான். இல்லைகளே அதிகம், முக்கால்வாசி கஞ்சிக்கு.

ஆணி அடிக்கத் தொடங்கும் முன் அவன் கேட்டிருந்தான். “அப்பா, உங்க படம் கெடச்சிருக்கு. போடச் சொல்லவா?”

அப்பா கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை, ஒரே பிடி. கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“புடிச்சுக்கிட்டாருன்னா ஆசைப்படுறாருன்னுதான் அர்த்தம்,” என்றாள் வேலாயி.

வாசலில் இருந்து செல்லையா, “பயப்படுறாருன்னும் வெச்சுக்கலாம்லா,” என்றார்.

இரண்டு பேரும் சொன்னது ஒரே அளவுக்குப் பொருந்தியது. அதுதான் தொல்லை.

சுவரில் வேட்டியை இழுத்துக் கட்டியாயிற்று. கட்டிலைத் திருப்பி, அப்பாவின் முதுகுக்குக் கீழே இரண்டு தலையணையும் ஒரு தேயிலை மூட்டையும் வைத்துச் சாய்த்தார்கள். காளியண்ணன் சுவிட்சைத் தட்டினார். கோயில் பக்கம் தூரத்தில் ஜெனரேட்டர் முனகியது. வேட்டியில் ஒரு வெள்ளைச் சதுரம் விழுந்து ஆடியது.

முதல் ரீலில் எல்லாரும் ஓடினார்கள். மாப்பிள்ளை ஓடினான், மாமனார் ஓடினார், தாம்பூலத் தட்டு ஏந்திய பெண்கள் வரிசையாக ஓடினார்கள். ஐயர் மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் அக்கினி வளர்ந்து அணைந்தது.

“என்னய்யா, ஆளுங்க வயித்தால போற மாதிரி ஓடுறாங்க,” என்றான் தரையில் உட்கார்ந்திருந்த கந்தன். தேயிலைக்கு மருந்தடிக்கிற ஆள்.

“ஊமைப் படத்த மெதுவா சுத்தி எடுத்திருக்காங்க. என் மெஷினு பேசுற படத்துக்குச் செஞ்சது. அதோட வேகம் அதுக்கு. ரெண்டாவது ரீல்ல சரியாயிடும்.”

அறை சிரித்தது. கதவுக்கு வெளியே, “என்ன, என்ன நடக்குது?” என்று கேட்டார்கள். “மாமனார் வழுக்கி விழுந்துட்டாரு,” என்று உள்ளிருந்து ஒருவர் சொன்னார். சற்றுத் தாமதமாக வெளியேயும் சிரித்தார்கள்.

பசுபதி சிரிக்கவில்லை. ஓடுகிற ஒவ்வொரு முகத்தையும் அது மறைவதற்குள் பிடிக்கப் பார்த்தான். நெற்றி, மூக்கு, காது. அப்பாவின் இருபத்திரண்டு வயது முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்த வயதிலிருந்து பின்னோக்கி யோசித்துப் பார்த்தான். பாதி வழியில் அது அவனுடைய முகமாகவே வந்து நின்றது. பந்தலில் ஓர் ஓரமாக அண்டா தெரிந்தது. பளபளவென்று பெரிய அண்டா. யாரோ ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு குபுக்கென்று அதற்குள் இறங்கினான். ரீல் முடிந்துவிட்டது.

“அதோ டாக்கி,” என்றான் கந்தன்.

“முதுகுலா அது,” என்றார் இன்னொருவர். “முதுகு எல்லாருக்கும்தான் இருக்கு.”

காளியண்ணன் இரண்டாவது டப்பாவைத் திறந்தார். புளித்த வாடை ஒன்று அறையில் பரவியது. ஃபிலிமை விரலால் தொட்டுப் பார்த்தார். சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நகத்தால் மெல்லப் பிரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், பசுபதிக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

“தம்பி, ஒண்ணு சொல்றேன். இந்த ரீல நான் இன்னும் போட்டுப் பாக்கல. பிஞ்சிடும்னு பயம். உள்ள அவரு இருக்காரா இல்லியான்னு எனக்கும் தெரியாது. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. மெஷினு கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். எம் பேரு கெட்டாப் பரவால்ல, எனக்கு வேற தோட்டம் இருக்கு.”

பசுபதி நின்றான். மனிதர் நல்லவர். அவர் சொன்ன வழியும் நல்ல வழிதான். படம் ஓடாவிட்டால் அப்பா இத்தனை வருடம் இருந்த மாதிரியே போய்விடுவார். மகன் வாயால் பொய்யரானவராக. ஓடி, வேறொருவன் அண்டாவிலிருந்து எழுந்தால், ஐம்பது பேர் முன்னால், கண் திறந்திருக்கும்போதே, சாட்சியோடு பொய்யராவார். இதையும் செய்தது மகன்தான் என்று ஆகும். ஒரு மனிதனை இரண்டு முறை அப்படிச் செய்ய ஒரே மகனுக்குத்தான் முடியும்.

கூரையில் ஏதோ ஒன்று ‘டக்’ என்றது. பிறகு இன்னொரு ‘டக்’.

“மழை வந்துடுச்சு,” என்றது வெளியே ஒரு குரல்.

பசுபதி கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டான். அப்பாவின் மூச்சுக்கு நடுவே இப்போது நீளமான இடைவெளி விழத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் வேலாயி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்தான். பதினேழு வருடத்தில் அவன் அவரிடம் கேட்டிராத கேள்வி அது. அன்றைக்கு அவன் சொன்னானே தவிர, கேட்கவில்லை.

“அப்பா. அதுல நீங்க இருக்கீங்களா?”

கை சும்மா இருந்தது. கூரையில் துளிகள் எண்ணிவிடக்கூடிய அளவில் விழுந்துகொண்டிருந்தன. பிறகு விரல்கள் இறுகின. ஓர் அமுக்கு. விட்டது.

பசுபதி இரண்டாவது அமுக்குக்குக் காத்திருந்தான். ஒரு மூச்சு போய்த் திரும்பியது. இன்னொரு மூச்சு. கை அவன் கையில் வெதுவெதுப்பாகக் கிடந்தது.

“போடுங்கண்ணே,” என்றான். எழுந்திருக்கவில்லை, அங்கேயே உட்கார்ந்தான்.

இரண்டாவது ரீல் கரகரப்போடு தொடங்கியது. ஒலிபெருக்கிக்குள் அடுப்பு எரிவதுபோல் ஒரு சத்தம். பந்தலில் இப்போது யாரும் ஓடவில்லை. எல்லாரும் மனிதர்கள் நடக்கும் வேகத்தில் நடந்தார்கள். அதைப் பார்க்கவே விநோதமாக இருந்தது. நாதஸ்வரம் கேட்டது. வெளியே அஞ்சடி அமைதியானது. தாலி கட்டினார்கள். சமையற்காரர் ஒருவர் கரண்டியோடு அண்டாவை நோக்கி வந்தார். மூடியில் கை வைத்தார்.

‘சடக்’ என்றது மெஷின். வேட்டியில் நடுவில் ஒரு பழுப்பு வட்டம் தோன்றி, கொப்பளித்து, வெள்ளையாக விரிந்தது.

தீ பற்றுவதற்குள் காளியண்ணன் பாய்ந்து விளக்கை அணைத்தார். இருட்டில் எரிந்த நாற்றம் வந்தது. “யாரும் அசையாதீங்க. ஒண்ணுமில்ல, அந்துபோச்சு. ஒட்டிடுவேன்.” டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கருகிய துண்டை வெட்டினார். பசை டப்பாவைத் தேடினார். டார்ச்சின் வட்டத்தில் இரண்டு முனைகளையும் பொருத்திப் பசை தடவினார். கட்டிலிலிருந்து வந்த மூச்சு, ஒரு தடவை, வராமல் நின்றது.

வேலாயியின் கை முந்தி முடிச்சுக்குப் போனது.

மூச்சு திரும்ப வந்தது. மாடிப்படி ஏறியவர் நடுவில் நின்று ஏறுவதுபோல வந்தது.

“சீக்கிரம்ணே,” என்றான் பசுபதி. அது கெஞ்சல்போல் வந்தது.

“பசை காயணும் தம்பி. ஊதிக்கிட்டே இருக்கேன்.”

கந்தன் எழுந்து போய் அவனும் ஊதினான். இன்னும் இரண்டு பேர் போனார்கள். சாகக் கிடப்பவர் அறையில் நான்கு ஆண்கள் ஓர் அங்குல ஃபிலிமை வட்டமாகச் சூழ்ந்து நின்று ஊதிக்கொண்டிருந்தார்கள். வெளியே, “என்னாச்சு? கண்டுபிடிச்சிட்டாங்களா?” என்று செல்லையாவின் குரல் கேட்டது. நாலு பேரும் ஊதுவதை நிறுத்தவில்லை.

மெஷின் மறுபடி சுழன்றது.

சமையற்காரர் மூடியைத் தூக்கினார். எட்டிப் பார்த்தார். அலறினார். நாலு பேர் ஓடிவந்து அண்டாவுக்குள் கையை விட்டார்கள். அந்த நேரத்தில், பசுபதியின் கைக்குள் இருந்த கை நகர்ந்தது. அவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. இடது பாதி முகம் வேட்டியை நோக்கி முன்னால் வந்திருந்தது. வலது பாதி பின்னாலேயே நின்றது. தாடை அசைந்தது. எதையோ சொல்லத் தயாராகிறவர் மாதிரி, உதட்டின் ஒரு மூலை மேலே போனது.

அறை வெடித்துச் சிரித்தது. ஒலிபெருக்கியில் இளைஞன் ஒருவனின் குரல், மெல்லிய குரல், சொன்னது:

“மெதுவாத் தூக்குங்க, காலு மரத்துப்போச்சு.”

விரல்கள் இறுகின. ஓர் அமுக்கு. பிறகு கை கனத்தது.

பசுபதி காத்திருந்தான். மார்பு ஏறவில்லை. அவன் வேலாயியைப் பார்த்தான். அவள் தன் புறங்கையை அப்பாவின் மூக்கருகே வைத்திருந்தாள். அப்படியே வைத்திருந்து எடுத்தாள். அவள் வாய் திறந்தது. அந்த லயனில் அவள் ஒப்பாரி எடுத்தால் தேயிலை ஆலை வரைக்கும் கேட்கும். பசுபதி தலையை அசைத்தான். மிகச் சிறிய அசைப்பு. வேலாயி அவனையே பார்த்தாள். பிறகு முந்தியை உருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

முன்பு ஓர் அமுக்கு. இப்போது ஓர் அமுக்கு. இது புதிதாக ஓர் ஆமாமா, அல்லது அப்போது சொல்லவந்த இல்லையின் மிச்சமா? நடுவில் எவ்வளவு நேரம் போகலாம் என்று டிரஸ்ஸர் சொல்லவில்லை.

ரீலின் வால் ‘பட் பட்’ என்று அடித்தது. படம் முடிந்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. கூரையில் துளிகள் நெருங்கிக்கொண்டிருந்தன.

“இது டாக்கி சொன்ன வசனம் இல்லியே,” என்றார் கதவுக்கு வெளியிலிருந்து செல்லையா. “மாப்பிள்ளைக்கு முன்னாடியே பந்தியில ஒக்காந்தவன்னு என்னமோ நீளமா வருமே. என் கல்யாணத்துல சொன்னாரு. கால் மரத்துப்போச்சுன்னு எங்க சொன்னாரு?”

“வசனம் கெடக்கட்டும்யா. மூஞ்சியப் பாத்தியா? அந்தக் காது? ரெண்டும் ஒட்டினாப்புல அப்படியே டாக்கி காது,” என்றான் கந்தன்.

“நான் எங்கய்யா பாத்தேன். வெளியல்ல நிக்கிறேன்.”

“எனக்கென்னமோ மூக்கு வேறன்னு பட்டுச்சு,” என்றது ஒரு குரல்.

“ஒட்டின எடத்துல கொஞ்சம் போயிடுச்சு,” என்றார் காளியண்ணன் குற்றவாளியைப்போல. “எழுந்திரிக்கறதுல ஒரு நாலு வெரக்கட போயிருக்கும்.”

“அதுலதான் அந்த நீள வசனம் இருந்திருக்கும்.”

“நாலு வெரக்கடையில அம்மாம் பெரிய வசனம் அடங்குமாலா?”

பேச்சு வளர்ந்தது. உள்ளே இருந்தவர்கள் முகத்துக்கும், வெளியே இருந்தவர்கள் வசனத்துக்கும் வாதாடினார்கள். கதவு நடுவில் நின்றது. கடைசியில் செல்லையா கதவைத் தள்ளி, தலையை மட்டும் உள்ளே நீட்டினார். குரல் தணிந்திருந்தது.

“பசுபதி, நீ சொல்லு. அன்னிக்குப் பொய்யின்னு சொன்னவன் நீதான். நீ என்ன சொல்றியோ அதுதான். பாத்தேல்ல? உங்கப்பாதானா?”

எல்லாரும் திரும்பினார்கள். இருட்டில் முகங்கள் தெரியவில்லை. அவன் எங்கே பார்த்தான் என்று யாருக்கும் தெரியாது. வேலாயிக்குத் தெரியும். வேலாயி முந்தியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றிருந்தது. பசுபதி தன் உள்ளங்கையைத் தாடைக்குக் கீழே கொடுத்து, மெல்ல மேலே தாங்கி மூடினான். கையை எடுக்கவில்லை. எடுத்தால் திறந்துகொள்ளும் என்று அவனுக்குத் தெரிந்தது.

“எங்கப்பாதான்,” என்றான்.

பிறகு செல்லையா, “அப்படிச் சொல்லு,” என்றார். ஏதோ அவருக்குத் தரவேண்டியது வந்து சேர்ந்தது மாதிரி இருந்தது குரல். “அப்ப நாங்களும் பாக்கணும்லா. இவ்வளவு நேரமும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னோம். காளியண்ணே, இன்னொரு தடவ போட முடியுமா?”

காளியண்ணன் பசுபதியைப் பார்த்தார். அப்புறம் கட்டிலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு விளங்கியதோ இல்லையோ, ரீலைக் கழற்றித் திரும்பச் சுற்றத் தொடங்கினார்.

அப்போது மழை விழுந்தது. மலையிலிருந்து ஒரே வீச்சாக இறங்கி, லயனின் தகரக் கூரை முழுவதையும் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது.

“சத்தம் கேக்காது,” என்று காளியண்ணன் கத்த வேண்டியிருந்தது. “ஒண்ணும் கேக்காது.”

“போடுங்கண்ணே,” என்றான் பசுபதி.

மெஷின் சுழன்றது. அறையின் குறுக்கே, கட்டிலின் கால்மாட்டைக் கடந்து, வெளிச்சம் ஒரு பட்டையாக விழுந்து வேட்டியைத் தொட்டது. உள்ளே இருந்தவர்கள் சுவரோரமாக ஒதுங்கி இடம் விட்டார்கள். கதவு திறந்தது. அஞ்சடியில் நனைந்துகொண்டிருந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். முதலில் செல்லையா வந்தார். படத்தின் மேல் நிழல் விழாமல் இருக்க, கட்டிலைத் தாண்டும்போது வெளிச்சத்துக்குக் கீழே இடுப்பை வளைத்துக் குனிந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதே இடத்தில் அதே மாதிரி குனிந்து, நிதானமாக, யாரையும் இடிக்காமல் கடந்து போனார்கள்.